சாமி நடந்த சுவர்

என் மனைவிக்கு என் உத்தியோகத்தின் மீது கடைசிவரை மரியாதை வந்ததில்லை. "எங்கப்பா தோட்டத்துல கல்லு ஒடைச்சாரு, கூலி குடுத்தாங்க. இவரு படிச்சிட்டு வந்து கல்லு ஒடைக்கிறாரு, பென்ஷன் குடுக்குறாங்க" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். சொல்வதில் பிழை இல்லை. பழைய கட்டடங்களிலிருந்து செங்கற்களைக் கழற்றி வந்து, நிறுத்து, ஊறப்போட்டு, இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கிற்று என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை.

சென்ற மாதம் நான் ஓய்வுபெற்ற ஆய்வுகூடத்துக்குப் புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். சுவரில் வைத்து அழுத்தினால் போதும், கல்லைக் கழற்றாமலே அதன் பலத்தைத் திரையில் காட்டிவிடுகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. என் முதுகும் தோளும் போனது கல் கழற்றித்தான். ஆனால் அந்தக் கருவியை எந்தச் சுவரில் கொண்டுபோய் வைப்பது என்று அது சொல்லாதே என்றேன். பேச்சு அங்கிருந்து லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயத்துக்குப் போயிற்று. தேநீர் நேரம் முடிந்தும் கதை முடியவில்லை. எழுதித் தந்துவிடுங்களேன் என்றார்கள். அறிக்கையைத் தவிர வேறெதையும் சுருக்கமாக எழுத எனக்கு வராது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்ததும் லயத்தில்தான், மஸ்கெலியாப் பக்கம். ஹட்டனில் உயர்தரம் படித்து, தொழில்நுட்பக் கல்லூரி முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருடம் முழுக்க மணல் சலித்தேன். அடுத்த வருடம் சீமெந்துக் கட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் செங்கல் என் கைக்கு வந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. பிழை விட்டால் திட்டு வாங்கினேன், சரியாகச் செய்தால் ஒன்றும் வாங்கவில்லை.

திட்டுகிறவர் பொறியியலாளர் சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் ஊருக்குப் போக வழியில்லாமல் ஹட்டனில் ஓர் அறையில் தனியாகத் தங்கியிருந்தார். மழைச் சேற்றிலும் காலில் சப்பாத்து பளபளக்கும். காதில் எப்போதும் ஒரு பென்சில். எந்தக் கல்லைக் கையில் எடுத்தாலும் யாரோ வீட்டுக் கதவைத் தட்டுகிறமாதிரி முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், காதைக் கொடுத்துக் கேட்பார். 'சுமார்' என்ற சொல் அவர் முன்னால் எடுபடாது. "சுமார் எண்டு ஒரு அளவு இருக்கோ ஐசே? இருந்தா எனக்கும் ஒருக்காக் காட்டும்" என்பார். அவரிடம் வேலை பார்த்த காலத்தில் நான் வீட்டில்கூட 'சுமார்' சொல்வதை விட்டுவிட்டேன்.

கல் கழற்றுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சுத்தியலைத் தொடக் கூடாது. அடி விழுந்த கல் உள்ளே கீறல் விட்டுவிடும், பிறகு அந்தக் கீறலைத்தான் அளப்போம். இரும்பறுக்கும் வாளின் அலகைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கல்லைச் சுற்றியுள்ள பழைய சுண்ணாம்புச் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கல் ஆடத் தொடங்கியதும் எந்தப் பக்கம் மேலே, எந்த முகம் வெளியே என்று சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டபிறகுதான் வெளியே இழுக்கலாம். எடுத்த ஓட்டையை அன்றைக்கே புதுக்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். அடைக்காமல் வந்தால் திருப்பி அனுப்புவார்.

ஆய்வுகூடத்தில் கல்லைச் சூடான பெட்டியில் வைத்து ஈரம் போக உலர்த்துவோம், நிறுப்போம். ஒரு நாள் முழுதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்து ஈரத்துணியால் ஒற்றி மறுபடி நிறுப்போம். எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதில் கல்லின் குணம் பாதி தெரிந்துவிடும். பிறகு கல்லின் முகத்திலுள்ள பள்ளத்தைச் சாந்தால் நிரப்பி, ஈரச்சாக்கில் மூடிவைத்து, இறுகியதும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து இயந்திரத்தில் மெல்ல மெல்லப் பாரம் ஏற்றுவோம். நல்ல கல் உடையும்போது ஒரு சத்தம் போடும். கெட்ட கல் சத்தமே போடாது, அப்படியே அமுங்கும்.

இனி அந்த லயம்.

லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்து லயங்கள் பெரும்பாலும் கருங்கல்லால் கட்டியவை. இந்த லயம் மட்டும் செங்கல். அந்தக் காலத்தில் தோட்டத்திலேயே மண் எடுத்து, கல் அறுத்து, சூளை போட்டுக் கட்டியதாம். அரைவேக்காட்டுக் கல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதில்தான் அடுப்பு. உள்ளே காம்பரா என்று ஒரே ஒரு அறை. அதன் பின்சுவருக்கு அடுத்தாற்போல் மலைச்சரிவும் தண்ணீர் ஓடும் கானும்.

நான் செங்கல் வேலைக்கு வந்த பிறகு ஒரு வருட மழையில் அதே தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் ஒரு லயத்தின் சுவர் சரிந்தது. பகல் நேரம், எல்லோரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள், ஆள் தப்பியது. தோட்டத்து மேலாளரான துரைக்குப் பயம் பிடித்துவிட்டது. செங்கல் லயத்தைச் சோதித்துச் சொல்லும்படி எங்களுக்கு எழுதினார். தோட்டத்துக்கு அந்த வருடம் கொஞ்சம் தனி வீடுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. சுவர் உறுதி இல்லையென்று நாங்கள் சொன்னால் வீடுகள் இந்த லயத்துக்காரர்களுக்கு. உறுதி என்று சொன்னால் இவர்களுக்குக் கூரைத் தகரம் மட்டும் மாற்றுவார்கள், வீடுகள் வேறு டிவிஷனுக்குப் போய்விடும். இது ஊரறிந்த விஷயம். தொழிற்சங்கத் தலைவர் பெருமாள் எல்லா வீட்டுக்கும் சொல்லியிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? நனைந்ததையும் வெடித்ததையும் தேடித்தேடிக் காட்டியிருப்பார்கள். எங்கள் சனம் என்ன செய்தது தெரியுமா? ஆய்வுகூடத்திலிருந்து பெரிய ஐயாமார் வருகிறார்கள் என்று, முந்தின ஞாயிற்றுக்கிழமை லயம் முழுவதற்கும் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தது. வெடிப்புக்கெல்லாம் மண் பூசி, தரையைச் சாணத்தால் மெழுகி, வாசலில் கோலம் வேறு. எங்கள் வான் வண்டியை விட்டு இறங்கிய சிவபாலன் சேர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன ஐசே, கலியாண வீடே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. முன்னால் வந்து கும்பிட்ட பெண்ணிடம், "எதுக்குங்கக்கா இப்ப வெள்ளை அடிச்சீங்க?" என்று கேட்டேன். கடைசிக் காம்பராவில் இருக்கும் மாரியாயி அவர். கொழுந்து மலையில் வெயிலும் பனியும் பட்டுக் கறுத்த முகம். என் பேச்சைக் கேட்டதுமே நான் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்னா தம்பி இப்படிக் கேக்குறீங்க? வெளியாளு வர்றப்ப வீடு அலங்கோலமா கெடக்கலாமா?"

அவர் கணவர் கதிரேசன் உள்ளே பின்சுவரை ஒட்டிய கட்டிலில் கிடந்தார். ஸ்டோர் என்கிற தோட்டத்துத் தேயிலை ஆலையில் தூசியில் நின்று வேலை பார்த்தவர். நெஞ்சு கெட்டு, இளைப்பு வந்து, ஒன்றரை வருடமாகப் படுக்கை. கட்டில் போட வேறு இடமில்லை. சுவரில் அவர் தலைக்கு மேலே ஓர் ஆணியில் அம்மன் படமும், அதோடு சேர்த்துக் கட்டிய மஞ்சள் துணி முடிச்சும் தொங்கின. கம்பளிக்குள் கிடந்தாலும் வாய் மட்டும் படுக்கவில்லை.

"வாங்க வாங்க. செவுரு நல்லா இருக்கா, மனுசன் நல்லா இருக்கானான்னு பாக்க வந்தீங்களா? மனுசனுக்கு மார்க்கு போட்றாதீங்க, நான் பெயிலு" என்றார்.

எங்கள் திட்டப்படி பின்சுவரிலும், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள நடுச்சுவரிலும் கல் எடுக்க வேண்டும். மாரியாயி பின்சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"எந்தக் கல்லு வேணும்னாலும் எடுத்துக்கங்க ஐயா. இந்தச் செவுத்துல மட்டும் கை வைக்க வேணாம். சாமி இருக்கு."

அடுத்த காம்பராவிலும் அதே பேச்சு, அதற்கடுத்ததிலும் அதே. லயத்தில் எல்லோருக்கும் சாமி பின்சுவரில்தான். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம் அதுதானே. வாள் அலகும் கையுமாகச் சப்பாத்துக் காலோடு வந்த நாங்கள் அதில் ஓட்டை போடுவதை யார் விரும்புவார்கள்? அதற்குப் பதிலாக இஸ்தோப்பில் அடுப்பை ஒட்டியிருந்த நடுச்சுவரைக் காட்டினார்கள். "இங்கன எடுத்துக்கங்க, நல்ல கெட்டிச் செவுரு" என்று பெருமையாகவே சொன்னார்கள்.

சிவபாலன் சேர் பின்சுவரைப் பார்த்தார், அம்மன் படத்தைப் பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார். "வேண்டாம். ஆக்களின்ர சாமியிடம். மற்றச் சுவரிலை எடுப்பம்" என்றார். அவர் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்ததை நான் அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் வானை நிறுத்தினார்கள். சாக்குகளை அவிழ்த்துப் பார்த்த சிப்பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "மே மொனவாத?" இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரி இடங்களில் பேசுவது என் வேலை. "கடொல், மாத்தயா. பரண கடொல்" என்றேன், செங்கல் ஐயா, பழைய செங்கல் என்று. பழைய செங்கல்லைச் சாக்கில் கட்டிக் காவிக்கொண்டு போகிறவர்களை அவன் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டான். சிரித்துக்கொண்டே வழிமறித்த தடியை உயர்த்தி விட்டுவிட்டான்.

கற்களில் பாதியை முதலில் சோதித்தோம். இயந்திரத்தில் ஒவ்வொன்றும் சத்தம் போட்டு உடைந்தது. எண்கள் ஏறிக்கொண்டே போயின. அரைவேக்காட்டுக் கல் இவ்வளவு தாங்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. மற்ற நாட்களில் நல்ல எண் வந்தால் மனதுக்குச் சந்தோஷமாக இருக்கும். அன்றைக்கு ஒவ்வோர் எண்ணும் மாரியாயி வீட்டுக் கதவைச் சாத்துகிற எண்ணாகத் தெரிந்தது.

"கொஞ்சம் குறைச்சுப் போட ஏலாதா சேர்?" என்று கேட்டேவிட்டேன்.

"பாவம் பாத்து எண்ணை மாத்தினா, பிறகு எங்கட எந்த எண்ணையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் தாளைக் கீழே வைக்காமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பலத்தைவிட, கல் தண்ணீர் குடித்த அளவுதான் அவரை உறுத்தியது. "இவ்வளவு பழைய கல்லு, வேகாத கல்லு. தண்ணி குடிக்காம எப்பிடி இருக்கும்?"

எழுந்து தொட்டிப் பக்கம் போனார். மிச்சக் கற்கள் அதில் ஊறிக்கொண்டிருந்தன. தண்ணீர் தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறியிருந்தது. ஒரு கல்லை எடுத்துத் தட்டினார், கேட்டார், பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"உதென்ன மணம் ஐசே?"

நான் வாங்கி மோந்து பார்த்தேன். விறகுப் புகை, தாளித்த எண்ணெய், சுட்ட கருவாடு. நான் பிறந்த வீட்டு இஸ்தோப்பு அப்படியே மூக்குக்குள் வந்தது. "அடுப்பு மணம் சேர். கருவாடு சுட்டிருக்காங்க."

சைவக்காரரான அவர் கல்லை மெதுவாகத் தொட்டியில் விட்டுவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். துடைத்துக்கொண்டே யோசித்தார். எத்தனை தலைமுறை அந்த இஸ்தோப்புச் சுவருக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டியிருக்கும்! சூட்டில் அந்தச் சுவர் ஒருநாளும் நனைந்திருக்காது. புகைக்கரி கல்லின் துளைகளை அடைத்திருக்கும். தண்ணீர் எங்கே நுழையும்?

"அப்ப நாங்கள் அடுப்பைத்தான் சோதிச்சிருக்கிறம்," என்றார் சேர். "வீட்டை இல்லை."

அடுத்த கிழமையே மறுபடி போனோம். இந்தமுறை கோலம் இல்லை. நல்ல எண் வந்த செய்தி எப்படியோ எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தலைவர் பெருமாள் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"ஒரு தடவ எடுத்துட்டுப் போயி, செவுரு சோக்கா இருக்குன்னு சொல்லிட்டீங்க. இப்ப சாமிச் செவுத்தையும் ஒடைக்கணுமா? வீடும் போச்சு, சாமியும் போகணுமா எங்களுக்கு?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அடுப்புக் கல் ஏன் பொய் சொன்னது என்பதை நான் விளக்கினேன். கேட்டார்கள், தலையாட்டினார்கள். ஆனால் யாரும் தன் வீட்டுச் சாமியை முதலில் இறக்க முன்வரவில்லை. கடைசியில் மாரியாயி என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க நம்ம புள்ள. அந்த முடிச்சு என்னான்னு தெரியுமில்ல? இவரு எழுந்திருச்சு நடக்கணும்னு நேந்து, காச முடிஞ்சு சாமிகிட்ட கட்டியிருக்கேன். நேர்த்தி நெறவேறாம அத ஆணியிலேருந்து எறக்கக் கூடாது. எறக்கினா இவருக்கு ஏதாச்சும் ஆயிரும். சரி, எறக்குறேன்னே வைங்க. எறக்கிட்டு, அந்தக் கல்லும் கெட்டியா இருந்துட்டா?"

ஆமாம், நிச்சயம் வீடு கிடைக்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. "என்னால உறுதி சொல்ல முடியாதுங்கக்கா. கல்லு எப்படி இருக்கோ அப்படித்தான் எழுதுவாங்க" என்றேன்.

அவர் கண்ணில் நீர் நின்றது. கட்டிலிலிருந்து கதிரேசன் இருமி முடித்துவிட்டுக் கேட்டார்.

"முடிச்சு யாருக்காகக் கட்டுனது?"

"ஒங்களுக்காகத்தான்."

"அப்ப நான் சொல்றேன், எறக்கு. ராவானா முதுகுப் பக்கம் செவுரு ஈரமா ஒரசுது. சாமி நெனச்சாலும் இந்த எடத்துல என்னைய எழுப்ப முடியாது."

மாரியாயி போய்க் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தார். விளக்கேற்றிக் கும்பிட்டு, படத்தையும் முடிச்சையும் தானே இறக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

சிவபாலன் சேர் வாசலில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்தார். லிந்துலைக் குளிரில் அந்தத் தரை எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும். வெறுங்காலோடு உள்ளே வந்து, கட்டிலின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். கதிரேசனைக் கட்டிலோடு தூக்கி இஸ்தோப்பில் அடுப்போரமாக வைத்தோம். "பல்லக்குல்ல போறேன்" என்று அவர் சிரித்தார்.

கட்டிலும் படமும் போனபின் சுவர் முழுசாகத் தெரிந்தது. புதுச் சுண்ணாம்பு ஏற்கெனவே பொரிந்து உதிர்ந்திருந்தது. படம் இருந்த இடத்திலிருந்து வலப்பக்கமாக, கையளவு தள்ளித் தள்ளி, வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் குச்சியும் துணியும் அடைத்திருந்தார்கள். சேர் குனிந்து பார்த்தார்.

"இதென்ன ஓட்டையள்?"

வெளியே நின்றபடி மாரியாயி சொன்னார். "அது சாமி நடந்த தடங்க ஐயா. ஆணி நிக்கிறதில்ல. கொஞ்ச நாள்ல கழண்டு விழுந்துரும். தள்ளி அடிப்போம், அங்கயும் நிக்காது. எல்லா வீட்டுலயும் இப்படித்தான் சாமி நடக்குது."

"போனமுறை இதைச் சொல்லேல்லையே அம்மா?"

"நீங்க கல்லப் பத்தித்தானங்க கேட்டீங்க."

சேர் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஓர் ஓட்டைக்குப் பக்கத்தில் கல்லின் மீது வைத்து லேசாக அழுத்தினார். பென்சில் உள்ளே போயிற்று.

அலகுக்கு வேலையே இருக்கவில்லை. சாந்து ஈரமணலாகக் கொட்டியது. கல்லைச் சுற்றி விரல்விட்டு இழுத்தேன். முன்பாதி என் கையோடு வந்தது, பின்பாதி சுவருக்குள் நின்றுவிட்டது. ஓட்டையின் அடியில் மலைத்தண்ணீர் மெல்ல ஊறி வழிந்தது. இத்தனை நாளும் அந்த மனிதர் இதற்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார். தாங்குபலகை வைத்து ஓட்டையை அடைக்கும் வேலையைச் சேரே செய்தார். முடித்துவிட்டு, "அறிக்கை வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். இண்டைக்கிருந்து ஒருத்தரும் இந்தச் சுவருக்குக் கிட்டப் படுக்கக் கூடாது. கட்டில் அங்கயே இருக்கட்டும்" என்று தலைவரிடம் சொன்னார்.

மாரியாயி அக்கா சாமியை இறக்கிவிட்டார் என்ற செய்தி லயம் முழுக்கப் பரவியது. பிறகு ஒவ்வொரு வீடாகச் சாமி இறங்கியது. சேர் ஒவ்வொரு வாசலிலும் நின்று காலைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பும்போது, சாவடியைத் தாண்டியபின், "எங்கட வீட்டிலையும் சாமியறை பின்பக்கம்தான். இப்ப அந்தச் சுவர் நிக்குதோ தெரியேல்லை" என்றார். அவர் தன் வீட்டைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான்.

கொண்டுவந்த கற்களை உலர்த்தி ஊறப்போட்டோம். மறுநாள் தொட்டியில் கல் இல்லை, சிவப்புச் சேறு இருந்தது. முழுசாக இருந்த ஒன்றிரண்டும் ஒற்றி எடுக்கப் போன துணியோடு வந்தன. இயந்திரத்தில் வைக்க எதுவுமே மிஞ்சவில்லை.

அறிக்கை எழுதும்போது எங்களுக்குள் சண்டை வந்தது. அடுப்புச் சுவரின் எண்களையும் சேர்த்தே போட வேண்டும் என்றார் அவர். "அதப் போட்டா அத மட்டும்தான் சேர் படிப்பாங்க" என்று நான் குரலை உயர்த்தினேன்.

"ஒளிச்சா, நாளைக்கு ஆரோ வந்து அதே அடுப்புக் கல்லைச் சோதிச்சுப்போட்டு எங்களைப் பொய்யர் எண்டுவான். அப்ப நட்டம் ஆருக்கு? அந்தச் சனத்துக்கு" என்றார். இரண்டையும் போட்டார். ஆனால் முதல் வரியாக அவர் எழுதியது இது: இந்த லயத்தில் நனையாத இடம் அடுப்படி மட்டுமே.

துரை எங்களை அலுவலகத்துக்கு வரச்சொன்னார். கெட்ட மனிதரில்லை, கொழும்பிலுள்ள தன் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். பின்சுவருக்கு ஓர் எண் வேண்டும், எண் இல்லாத அறிக்கையைத் தலைமையகம் ஏற்காது என்றார். சின்ன எண்ணாக ஏதாவது போட்டால் போதும் என்றுகூட இறங்கி வந்தார். சின்னதோ பெரியதோ, அளக்காத எண்ணைச் சேர் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

சேர் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே செந்நிறச் சேறு. "இதுதான் அந்தச் சுவர். இயந்திரத்தில் வைக்க முடியுமானால் எண் தருகிறேன்" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அவருடைய சிங்களம் அவ்வளவு நன்றாக வராது, ஆனால் துரைக்கு விளங்கியது. போத்தலைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். சேறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வழிந்தது. அறிக்கையோடு அந்தப் போத்தலையும் கொழும்புக்கு அனுப்பினார். வீடுகள் இந்த லயத்துக்குத்தான் என்று பதில் வந்தது.

உடனே வீடு வந்துவிடவில்லை. லயத்துச் சனம் தோட்டத்துப் பாடசாலையிலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக் கொட்டகையிலும் ஒரு மழைக்காலத்தை நெருக்கியடித்துக் கழித்தது. அந்த மழையிலேயே லயத்தின் பின்சுவர் முழுக்க விழுந்தது. நான் போய்ப் பார்த்தேன். கூரை இறங்கி, பின்சுவர் சேறாகிக் கானை அடைத்துக் கிடந்தது. அடுப்புச் சுவர்கள் மட்டும் கரிபிடித்தபடி வரிசையாக நின்றன. கதிரேசனின் கட்டில் இருந்த இடத்தில் மண் முழங்கால் உயரம். ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதேன்.

புதுவீடு குடிபுகும் நாளுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். சீமெந்துக் கல் வீடு, இரண்டு அறை, முன்னால் ஒரு துண்டு நிலம். கதிரேசனைத் தூக்கி வந்து வெளியே வெயிலில் ஒரு கதிரையில் உட்கார வைத்திருந்தார்கள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. எங்களைப் பார்த்ததும், "வாங்க, இப்ப மார்க்கு போட்டுப் பாருங்க" என்றார்.

உள்ளே ஒரே சத்தம். மாரியாயி சாமிப் படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். காலடியில் வளைந்த ஆணிகள் கிடந்தன.

"பாருங்க தம்பி, அந்த வீட்டுல ஆணி நிக்கல. இந்த வீட்டுல எறங்க மாட்டேங்குது. நல்ல நேரம் போயிரும் போலருக்கு."

முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை. படத்தோடு மஞ்சள் துணியில் அப்படியே இருந்தது. நான் வானுக்கு ஓடிப்போய்த் துளைக்கருவியை எடுத்து வந்தேன். சேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் கேட்டார். "எங்கை வேணும் அம்மா?" என்று கேட்டு, மாரியாயி காட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். நான் துளைத்தேன். சீமெந்துச் சுவர்களைச் சோதிக்கத்தான் அந்தக் கருவியை அதுவரை சுவரில் வைத்திருக்கிறேன். ஆணி இறுக்கமாக உட்கார்ந்தது. மாரியாயி படத்தை மாட்டி, முடிச்சைச் சரிசெய்து, கையை மெதுவாக எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். படம் அசையவில்லை.

அப்போதுதான் அவர் வாசல் பக்கம் திரும்பினார், திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். நிலைப்படியில் கையை ஊன்றி, மூச்சு வாங்க, யாருடைய துணையும் இல்லாமல் கதிரேசன் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எதுக்குங்க எழுந்திருச்சு வந்தீங்க?" என்று பதறினார் மாரியாயி.

"சத்தம் நின்னுருச்சே. சாமி நிக்குதான்னு பாக்க வந்தேன்" என்றார் கதிரேசன்.

மாரியாயி அவரைப் பார்த்தார். அவர் நடந்து வந்த வழியைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, அந்த மஞ்சள் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.